நூலகத்தில் கூட்டம் எதற்கு?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு வாசகர் வட்டக் கூட்டம் நடக்கும். சில மாதங்களுக்கு முன் நடந்த கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பழைய பயண நூல் ஒன்றை அறிமுகப்படுத்தினார். பெரிதாகப் பேசவில்லை. பாலமில்லாத ஆற்றைப் பரிசலில் கடக்கிற ஒரு பகுதியை எடுத்து, இரண்டு பக்கம் இருக்கும், நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். வந்திருந்தவர்கள் பதினேழு பேர். கூட்டம் முடிந்ததும் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் அவரிடம் போய், "ஐயா, இந்தப் புத்தகத்தை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். நூலகர் அதை வாங்கிப் பின்னட்டையைத் திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் மொத்தமே நான்கு முத்திரைகள். கடைசி முத்திரை விழுந்த வருடம் 1997. அந்தப் பெண் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே அந்தப் புத்தகத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நூலகத்தில் நிகழ்ச்சிகள் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தச் சீட்டைத்தான் காட்ட விரும்புகிறேன். கேட்பவர்கள் நிறையப் பேர். நூலகம் அமைதியாக உட்கார்ந்து படிக்கிற இடம், அங்கே மைக் எதற்கு, கதை சொல்லல் எதற்கு, ஓவியப் போட்டி எதற்கு என்று நல்ல வாசகர்களே கேட்கிறார்கள். இருக்கிற பணத்தில் இன்னும் நாலு புத்தகம் வாங்கிப் போடலாமே என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம். மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு அமைத்து, இடம் பார்ப்பது, கட்டடம் கட்டுவது, புத்தகம் வாங்குவது, ஆள் நியமிப்பது ஆகிய பொறுப்புகளை அதனிடம் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருக்கிறது: சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்வது. ஆக, நூலகத்தில் நாலு பேர் கூடிப் பேசுவது பிற்பாடு யாரோ ஒட்டவைத்த அலங்காரம் இல்லை, சட்டத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கிற வேலை. காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். மீதி 82 பேருக்கு அலமாரியால் என்ன பயன்? அவர்களிடம் புத்தகம் போய்ச் சேர வேண்டுமானால் யாராவது வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தச் சட்டம் பணத்துக்கும் ஒரு வழி செய்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று தனியாகப் போட்டிருப்பார்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீடு வைத்திருக்கிற எல்லோரும் கட்டுகிறார்கள், நூலக வாசலை மிதிக்காதவர்களும் சேர்த்துத்தான். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மளிகைக்கடைக்காரரும், தறி ஓட்டுகிறவரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற அம்மாவும் காசு கொடுத்து நடத்துகிற இடம் அது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் உள்ளே வந்ததே இல்லை. புத்தகம் எடுக்க வா என்றால் தயங்குகிறவர், உன் பிள்ளை அங்கே படம் வரைகிறாள், வந்து பார் என்றால் வருகிறார். ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் இது நமக்கான இடமில்லை என்கிற கூச்சம் பாதி போய்விடும்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், இப்படி ஆளைத் தேடிப் போவதை நூலக இயலின் மையத்திலேயே வைத்தவர். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அப்புறம் இங்கிலாந்து போய் அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகள் நூலக அறிவியல் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது அதையே திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டாவதில் வாசகர் வந்து கேட்கிறார். மூன்றாவதில் யாரும் கேட்காத புத்தகத்துக்காக நூலகம்தான் கிளம்பிப் போய் ஆள் தேட வேண்டும். அலமாரியைத் திறந்து வைப்பது, விளம்பரம் செய்வது, கூட்டம் நடத்துவது எல்லாம் இந்த மூன்றாம் விதிக்குள் வருகின்றன. 1997க்குப் பிறகு யாரும் தொடாத அந்தப் பயண நூலுக்கு அன்று நடந்தது அதுதான்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஒரு நூலகம் கிராமம் கிராமமாகக் கிளம்பியது. மேலவாசல் கனகசபைப் பிள்ளை அந்த வண்டியை உருவாக்கினார். நடமாடும் நூலகம் என்று பின்னால் வந்த வேன்களுக்கெல்லாம் அது மூத்தது. புத்தகம் ஏற்றிய வண்டி ஊர்ச் சாவடிக்கு முன்னால் வந்து நிற்பதே அந்தக் காலத்தில் ஒரு நிகழ்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில் கூடிப் படிக்கிற பழக்கத்துக்கு நூலகத் துறைக்கு வெளியேயும் வேர் உண்டு. திராவிட இயக்கப் படிப்பகங்கள், வாசகசாலைகள், தெருமுனை மன்றங்கள் எல்லாவற்றிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், சுற்றி இருப்பவர்கள் கேட்டுவிட்டு விவாதிப்பார்கள். டீக்கடை பெஞ்சிலும் இதே கதைதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அன்றைய அரசியலைப் பற்றித் தெளிவாகப் பேச முடிந்ததற்குப் பின்னால் இந்தச் சத்தமான வாசிப்பு இருந்தது. மௌனமாகப் படிப்பதுதான் படிப்பு என்பது நம் ஊரில் பிந்தி வந்த பழக்கம்.

சரி, இன்றைக்கு ஒரு கிளை நூலகத்தில் கூட்டம் எப்படி நடக்கிறது? பெரும்பாலான கிளை நூலகங்களில் நூலகர் ஒரே ஆள். காலையில் திறந்து, செய்தித்தாள்களைக் கோத்துப் போட்டு, புத்தகம் கொடுத்து வாங்கி, பதிவேடு எழுதி, மதியம் மூடி, மாலையில் மறுபடி திறக்க வேண்டும். இதற்கு நடுவில் ஒரு நிகழ்ச்சி என்றால் பேச்சாளரை அழைப்பது, நோட்டீஸ் எழுதுவது, மேசைகளைச் சுவரோரம் நகர்த்துவது, மைக் செட்டுக்குச் சொல்வது எல்லாம் அவர் தலையில்தான். இங்கேதான் வாசகர் வட்டம் வருகிறது. நூலகத்துக்கு அடிக்கடி வருகிற உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு குழுவாக இருப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், ஒரு வழக்கறிஞர், கவிதை எழுதுகிற இளைஞர் என்று கலவையான கூட்டம். எங்கள் வட்டத்தில் கூட்டச் செலவு எங்கள் பையிலிருந்துதான். நாற்காலி பக்கத்துத் திருமண மண்டபத்திலிருந்து வரும். டீக்கு மாதம் ஒருவர் பொறுப்பு. 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்களின் பெயர்ப்பலகை சுவரில் இருக்கிறது. மைக் வைத்துக் கூட்டம் நடத்திய நாள்களில் அவர்களில் இரண்டு பேர் கேட்காமலேயே அதன் வாடகையைக் கொடுத்துவிடுவார்கள்.

இது மனசுக்கு இதமான ஏற்பாடுதான். ஆனால் பலவீனமான ஏற்பாடு. நூலகர் மாற்றலாகிப் போனால் கூட்டம் நின்றுவிடும். வட்டத்தில் ஓடியாடி வேலை பார்க்கிற ஒருவர் உடம்பு முடியாமல் படுத்தால் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில் பத்து வருடம் தொடர்ந்து நடந்த மாதக் கூட்டம், நூலகர் மாறிய மூன்றே மாதத்தில் காணாமல் போனது. புதியவர்மேல் குற்றமில்லை. அவருக்கு இரண்டு நூலகங்களைச் சேர்த்துப் பார்க்கிற கூடுதல் பொறுப்பு. உள்ளாட்சிகள் வசூலிக்கிற நூலக வரி ஆணைக்குழுவுக்கு நேரத்தில் வந்து சேர்வதில்லை என்கிற குறையும் பழையது. அது வராதபோது புத்தகம் வாங்குவதே தள்ளிப்போகிறது, நிகழ்ச்சிக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

கேரளத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே கிராம நூலகங்களை ஊர் மக்களே சங்கம் வைத்துத் தொடங்கினார்கள். பி. என். பணிக்கர் 1940களிலிருந்து அவற்றை ஓர் இயக்கமாக ஒன்று சேர்த்தார். அரசு மானியம் கொடுக்கிறது, நடத்துவது ஊர்க்காரர்கள். அதனால் நாடகம், இளைஞர் மன்றம், பெண்களுக்கான வாசிப்பு எல்லாம் அங்கே நூலகத்தின் இயல்பான வேலை. தமிழ்நாட்டில் நூலகம் அரசுத் துறையின் கிளை, நூலகர் அரசு ஊழியர். இதில் ஒரு நன்மை உண்டு, சம்பளமும் புத்தகமும் ஏதோ ஒரு வகையில் வந்துகொண்டிருக்கும். ஆனால் ஊர்க்காரனுக்கு இது என்னுடையது என்கிற எண்ணம் தானாக வராது. வாசகர் வட்டம் ஒன்றுதான் அந்த இடைவெளியில் போட்ட பாலம் என்று நான் நினைக்கிறேன்.

பாலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடம் கிடைத்தது. நல்ல எண்ணத்தில் கட்டினார்கள், புத்தகமும் கொடுத்தார்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. கிராமங்கள் வழியாகப் போகும்போது பார்த்திருப்பீர்கள், பெயர் எழுதிய சுவர், துருப்பிடித்த பூட்டு, திண்ணையில் காயப்போட்ட உளுந்து. திறப்பு விழாவுக்குப் பிறகு அங்கே இரண்டாவது நிகழ்ச்சி என்று ஒன்று நடக்கவே இல்லை.

பெரிய நூலகங்களின் கதை வேறு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் கட்டும்போதே ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கத்தோடு கட்டினார்கள். சனிக்கிழமை மாலைகளில் அங்கே நடக்கிற பொன்மாலைப் பொழுது நிகழ்ச்சியில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் பேசுகிறார்கள். முதல் தளத்தில் குழந்தைகள் பிரிவு, பெரிய மரம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள், அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற காட்சி பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அதே நூலகத்தை 2011இல் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள். அரங்கத்தைத் திருமண வரவேற்புக்கு விட்டதும் 2012இல் நீதிமன்றத்துக்குப் போனது, நூலகம் சாராத காரியங்களுக்கு விடக் கூடாது என்று தடுத்தார்கள். நூலகக் கட்டடத்துக்குள் நடக்கிற எல்லாமே நூலக நிகழ்ச்சி ஆகிவிடாது என்பதை அந்த வழக்கு ஊருக்கே சொன்னது.

மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பொது நூலகத் துறை 2022-23இல் பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றுப் பெயர்களில் இலக்கியத் திருவிழாக்களை நடத்தியது, சென்னையிலும் ஒன்று நடந்தது. திருவிழாக்கள் வேண்டும், வரவேற்கிறேன். ஆனால் திருவிழாவில் கேட்ட எழுத்தாளரின் புத்தகம் அடுத்த வாரம் தன் ஊர்க் கிளை நூலகத்தில் கிடைத்தால்தான் அந்தப் பேச்சு வீட்டுக்கு வந்து சேரும். திருவிழா நடத்துகிறவர்கள் இதை மனசில் வைத்துப் பேச்சாளர்களின் நூல்களைக் கிளைகளுக்கு முன்கூட்டியே அனுப்பி வைக்கலாம்.

கிளை நூலக நிகழ்ச்சிகளில் எது நன்றாகப் போகிறது, எது போகவில்லை என்பதை நான் பன்னிரண்டு வருடமாகக் கூட இருந்து பார்த்திருக்கிறேன். மோசமாகப் போவது விழா. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா, ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாள் என்று ஆண்டில் சில நாள்கள் உண்டு. அன்றைக்கு அழைப்பிதழில் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை ஏழு பேர், சிறப்புரை, நன்றியுரை. ஒவ்வொருவருக்கும் துண்டு. சிறப்புரை ஆற்றுகிறவர் மைக்கைப் பிடிக்கும்போது பரிசு வாங்க வந்த பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்திருப்பார்கள். இரண்டு மணி நேர விழாவில் யார் கையிலும் ஒரு புத்தகம் இருக்காது. மேடையில் இருப்பவர்களுக்குப் பின்னால் அலமாரிகளைத் துணி போட்டு மறைத்துப் பேனர் கட்டியிருந்ததையும் ஒருமுறை பார்த்தேன். எனக்கு அது தாங்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வட்டத்தில் ஒரு முடிவு செய்தோம்: உரை இரண்டே இரண்டு, பேனர் வாசலில், துண்டுக்குப் பதில் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்து விருந்தினர் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும்.

நன்றாகப் போவது குழந்தைகளுக்கான சனிக்கிழமைக் கதை நேரம். கோடை விடுமுறையில் தொடங்கினோம். பாய் விரித்து உட்கார வைத்து ஒரு கதை, அப்புறம் அந்தக் கதையிலிருந்து ஒரு படம் வரைதல், அவ்வளவுதான். இதில் எங்களுக்குத் தெரியாமலே ஒன்று நடந்தது. பிள்ளைகளை அழைத்து வருகிற அம்மாக்கள் முதல் இரண்டு வாரம் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மூன்றாவது வாரம் நூலகர் உள்ளே நாலு நாற்காலியைப் போட்டு, பக்கத்து மேசையில் சமையல், கோலம், மருத்துவக் குறிப்பு, நாவல் என்று இருபது புத்தகத்தைப் பரப்பி வைத்தார். யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. ஒருவர் பத்துப் பக்கம் புரட்டினார். கதை முடிந்தபோது, "மேடம், மீதியை வீட்ல போய்ப் படிக்கலாமா?" என்று கேட்டார். அந்தக் கோடையில் புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் அந்த அம்மாக்கள். யாரை அழைத்தோமோ அவர்கள் மட்டும் வருவதில்லை, அவர்களோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை அன்றிலிருந்து மறப்பதில்லை.

கூட்டங்களுக்கு வருகிற உண்மையான எதிர்ப்பு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடமிருந்து. இது யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். இன்று தமிழ்நாட்டு நூலகங்களைக் காலையிலிருந்து மாலைவரை நிரப்புகிறவர்கள் டிஎன்பிஎஸ்சி எழுதுகிற இளைஞர்கள்தான். வீட்டில் தனி அறை கிடையாது, மின்விசிறி ஓடுகிற மேசை கிடையாது. சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்து உட்காருகிறார்கள். அவர்கள் தலைக்குமேல் மைக் வைத்துக் கவியரங்கம் நடத்தினால் அது அநியாயம். பல நூலகங்களில் இருப்பது ஒரே கூடம். நிகழ்ச்சி என்றால் அவர்கள் எழுந்து போக வேண்டும். எங்கள் நூலகத்திலும் ஒருமுறை ஒரு தம்பி பையை எடுத்துக்கொண்டு கோபமாகக் கிளம்பிவிட்டார். தேர்வுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. நூலகர் அவர் பின்னாலேயே போய் நிறுத்திப் பேசினார்.

அதன் பிறகு சில ஏற்பாடுகள் செய்தோம். மைக்கை விட்டோம், இருபது பேருக்கு அது தேவையே இல்லை. கூட்டம் மாலை நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிந்துவிட வேண்டும். மழை இல்லாவிட்டால் முன்வாசல் வேப்பமரத்தடியில். தேர்வு தேதி அறிவிப்பு வந்ததும் நாட்காட்டியைப் பார்த்துத்தான் கூட்டத் தேதியை முடிவு செய்வது. கூடவே, தேர்வில் வெற்றி பெற்று வேலைக்குப் போனவர்களை ஆண்டுக்கு இரண்டுமுறை அழைத்து, எப்படிப் படித்தார்கள் என்று பேசச் சொல்கிறோம். அந்த இரண்டு கூட்டத்துக்கும் உட்கார இடம் இருக்காது.

கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதி, போட்டோ எடுத்து மேலே அனுப்பினால் நிகழ்ச்சி நடந்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாங்கள் இப்போது வேறொன்றை எண்ணுகிறோம். கூட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் எத்தனை புத்தகம் வெளியே போனது, புதிதாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், பேசிய புத்தகம் அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை முத்திரை வாங்கியது. பதினேழு பேர் வந்த அந்தப் பயண நூல் கூட்டத்தில் ஆறு புத்தகங்கள் போயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்த ஒரு விழாவில் ஒன்றுகூடப் போகவில்லை. பெரிய விழாக்களையும் இப்படி எண்ணிப் பார்த்தால் அடுத்த விழாவின் அழைப்பிதழ் தானாகவே மாறும் என்று நம்புகிறேன்.

வர முடியாதவர்களுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நூலக நண்பர்கள் திட்டத்தை அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்திருக்கிறது. தன்னார்வலர்கள் முதியவர்களின் வீட்டுக்கும், மருத்துவமனைக்கும், நடக்க முடியாதவர்களுக்கும் புத்தகம் எடுத்துப் போகிறார்கள். எங்கள் தெருவில் படுக்கையில் இருக்கிற ஒரு பாட்டிக்குப் பெரிய எழுத்தில் அச்சான புத்தகங்களை ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்து கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு உடனே போக முடிவதில்லை. பாட்டி போன புத்தகத்தின் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளை விடுவார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, இரண்டு பேர். இதையும் நூலக நிகழ்ச்சி என்றே எங்கள் பதிவேட்டில் எழுதச் சொல்லி நூலகரிடம் கேட்டிருக்கிறேன்.

போன வாரம் நூலகத்துக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: குரூப் 4 தேர்வை முன்னிட்டு இம்மாத வாசகர் வட்டக் கூட்டம் நான்காவது ஞாயிறுக்கு மாற்றப்பட்டுள்ளது. அதன் கீழே, நூல் அறிமுகம் என்ற இடத்தில், அன்று கோபித்துக்கொண்டு கிளம்பிய தம்பியின் பெயர் இருந்தது. எந்தப் புத்தகம் பேசப்போகிறார் என்று நூலகரிடம் கேட்டேன். பயண நூல் அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்துப் போயிருக்கிறார், தேர்வு முடிந்துதான் திறப்பேன் என்று சொல்லியிருக்கிறார் என்றார்.